பாறையைப் பார்க்கப் போனவர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவருடைய சொத்து மதிப்பை விசாரித்தால் முதலில் வயலைச் சொல்வார்கள். பிறகு தென்னந்தோப்பு, அதற்கும் பிறகு ரப்பர். பாறையை ஒருவரும் சொல்வதில்லை. பத்திரத்தில் நாலு எல்லை குறிப்பிட வேண்டியிருக்கிறதே, அதற்காவது உதவட்டும் என்று ஆண்டவன் படைத்த வஸ்து பாறை என்பதுதான் பொதுவான அபிப்பிராயம். 'வடக்கே பாறை' என்று எழுதிவிட்டுப் பத்திரம் எழுதுகிறவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. திருவட்டாறு தண்ணீரால் ஆன ஊர். ஆறு வட்டமிட்டு ஓடுவதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். கோதையாறும் பறளியாறும் வந்து கூடுகிற மூவாற்றுமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எங்கள் ஆதிகேசவப் பெருமாள்கூட நிற்கவில்லை, உட்காரவில்லை. இருபத்திரண்டு அடி நீளத்துக்குக் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். சுற்றிலும் ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் எழுந்திருக்க மனம் வரும்? 418 வருஷங்களுக்குப் பிறகு 2022 ஜூலையில் அவருக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அன்று வந்த ஜனத்திரளைப் பார்த்தவர்களுக்கு, நீரும் நெல்லும் உள்ள இடத்தில் தெய்வத்துக்குத் துணை ஒருநாளும் குறைவதில்லை என்பது விளங்கியிருக்கும்.

பாறைக்குத்தான் துணை வேண்டும். இதை நான் தெரிந்துகொண்டது பல ஞாயிற்றுக்கிழமைகளின் அலைச்சலில். விடிந்ததும் தோளில் ஒரு பை, பையில் காமிரா, கொஞ்சம் அவல், ஒரு தண்ணீர்ப் புட்டி. இந்தக் கோலத்தில் கிளம்பினால் எதிர்வீட்டுப் பெரியவர் கேட்காமல் என்ன செய்வார்?

"சாரே, இன்னைக்கும் பாறைக்காக்கும்?"

"ஆமா பாட்டா."

"அங்க அப்படி என்னத்த வச்சிருக்கு?"

நியாயமான கேள்வி. அதற்குத் தெருவில் நின்று பதில் சொல்ல முடியாது. சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும். புரட்டினால், பாறையைப் பார்க்கப் போனவர்களின் ஒரு நீண்ட வரிசை தெரிகிறது. சந்நியாசிகள், நில அளவைக்காரர்கள், போட்டோக்காரர்கள், ஜீப் ஓட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வெகு விசித்திரமான வரிசை. விளைச்சல் தராத நிலத்துக்கு வேலி கிடையாது, காவல் கிடையாது. போய்ப் பார்க்கிறவர்களின் கால்தான் அதற்கு வேலி. வரிசை அறுந்தால் பாறையும் போய்விடும். இதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் ஊரிலிருந்து வெகு தூரம் போக வேண்டியதில்லை. மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் சிதறால். ஊருக்கு மேலே நிற்கும் குன்றைச் சொக்கன்தூங்கி மலை என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கல்வெட்டில் அதற்குத் திருச்சாரணத்து மலை என்று பெயர். கல் பாவிய பாதையில் ஏறிப் போனால், இரண்டு பாறைகள் ஒன்றையொன்று ரகசியம் பேச நெருங்கியதுபோல நிற்கும் இடுக்கு ஒன்று வரும். அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் பிரம்மாண்டமான ஒரு பாறை முன்பக்கமாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தலையின் நிழலில், கல்லிலேயே புடைத்து எழுந்தாற்போல் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். படம் விரித்த பாம்பின் குடையில் பார்சுவநாதர் நிற்கிறார். பக்கத்தில் சிங்கமும் குழந்தைகளுமாக அம்பிகா என்ற இயக்கி. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்பங்கள் இவை என்பது தொல்லியல் துறையாரின் கணிப்பு.

சாரணர் என்பது சமண முனிவர்களில் ஒரு வகையினருக்குப் பெயர்; சிலப்பதிகாரம் படித்தவர்களுக்கு அவர்களைத் தெரியும். ஓரிடத்தில் தங்காமல் சஞ்சரிப்பவர்கள். சமணத் துறவிகள் வண்டி ஏறுவதில்லை, செருப்பு அணிவதில்லை. வெறுங்காலால் நடந்தே தேசத்தை அளந்தவர்கள். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காக்கி உடுப்பும் கழுத்தில் துணியுமாக முகாம் போகிறார்களே, அந்த இயக்கத்துக்குத் தமிழில் 'சாரணர்' என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல ரசிகராக இருந்திருக்க வேண்டும்.

இந்த மலையில் வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டு. பேராயிற்குடி அரட்டனேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்தியார், இந்த மலையில் உள்ள பட்டாரியாருக்குப் பொன் அணிகள் கொடுத்தார் என்பது செய்தி. அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னச் செய்தியில் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள்! குரத்தி என்றால் ஆசிரியை, பெண் குரு. சுமார் ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன், குமரி மாவட்டத்து ஒரு பாறையின் மேல் ஒரு பெண், மாணாக்கியாகப் படித்து, குருவாக உயர்ந்து, தன் பெயரைக் கல்லில் நிறுத்தியிருக்கிறாள். அரசனுடைய பெயர் ஆண்டுக் கணக்குக்காக வருகிறது. விஷயம் அவளுடையது.

இன்னொரு விசேஷமும் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலையில் சமணச் சிற்பங்கள் ஏராளம். ஒவ்வொன்றின் கீழும் அதைச் செய்வித்தவர் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்கு நடுவே 'திருச்சாரணத்துக் குரத்திகள்' என்ற பெயரும் வருகிறது. எங்கள் மலைக்காரி! இன்றைய சாலைக் கணக்கில் சிதறாலுக்கும் கழுகுமலைக்கும் நூற்றைம்பது கிலோமீட்டருக்குமேல் இருக்கும். பெயர் தனியாக நடந்து போகாது. யாரோ போயிருக்கிறார்கள்.

அந்த வழியை நினைத்துப் பார்க்க வேண்டுமானால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளையும் வயல். அந்தப் பக்கம் பனையும் உடைமரமும். யாரோ கத்தரியால் வெட்டிப் பிரித்ததுபோல நிலம் மாறிவிடும். மேற்கே கொட்டித் தீர்த்த மேகம் கிழக்கே வெறும் காற்றாகத்தான் போகிறது. அந்தக் காற்றுக்காகத்தான் இன்று அங்கே காற்றாலைகள் காடுபோல நிற்கின்றன. இன்னும் கிழக்கே கடற்கரையை நோக்கிப் போனால் தேரிக்காடு. காற்று வாரிக் குவித்த செம்மணல் மேடுகள். நெஞ்சளவு மணலில் புதைந்து நிற்கும் பனைகள். பாலைவனம் பார்க்க ராஜஸ்தானம் போக வேண்டியதில்லை.

என் நண்பர் ஒருவர் ரப்பர் வியாபாரி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப் வைத்திருக்கிறார். எஸ்டேட் பாதைகளில் ஓட்டிப் பழகியவர். உருளைக்கல்லும் சேறுமான ஏற்றத்தில் அவர் ஜீப்பை ஏற்றுகிற லாகவத்தைப் பார்த்தால் கழைக்கூத்தாடி தோற்றுப் போவான். ஒரு முறை அவரோடு தேரிக்குப் போனேன். மலைச்சேறு கற்றுக் கொடுத்த வித்தை மணலில் பலிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் பூமிக்குள் இறங்கியது. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "டயர்ல காத்தக் கொறைங்க ஐயா, தானா ஏறும்" என்றார். அப்படியே செய்தோம், ஏறிவிட்டது. டயர் தட்டையாகி அகலமாக மணலைத் தழுவினால் பாரம் பரவி விடுகிறது. ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதற்கும் அதுதான் காரணம். அந்த மணலில், ஜீப் இல்லாமல், காலில் செருப்பும் இல்லாமல், மயிற்பீலியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த பெண்களை நினைத்தால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

சமணர்கள் ஏன் இத்தகைய இடங்களைத் தேடினார்கள்? பதில் எளிது. வேறு யாருக்கும் வேண்டாத இடம் அது. பாறை நிழலில் படுத்தால் உழுகிறவன் வந்து எழுப்ப மாட்டான். மேலே ஒரு சுனை இருந்தால் குடிக்கத் தண்ணீர் ஆயிற்று. அடிவாரத்தில் ஊர் இருந்தால் பிட்சை ஆயிற்று. பயனில்லாத நிலம் என்பதுதான் அவர்களுக்கு அதன் பயன்.

காலம் மாறிற்று. சமணம் தேய்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிதறால் பகவதி கோயிலாயிற்று. கடவுள் மாறினாலும் ஜனங்கள் மலை ஏறுவதை நிறுத்தவில்லை, பாறை பிழைத்தது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பகவதியைக் கும்பிட ஏறியவர்கள், தங்களை அறியாமலே தீர்த்தங்கரர்களுக்குக் காவல் இருந்தார்கள். பிறகு திருவாங்கூர் சமஸ்தானத்துத் தொல்லியல் கண்காணிப்பாளராக 1908-ல் பொறுப்பேற்ற து. அ. கோபிநாத ராவ் போன்றவர்கள் வந்தார்கள். வட்டெழுத்தைப் படித்துத் திருவாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அச்சிட்டார்கள். குரத்தியாரின் பெயர் மறுபடி மனிதர் வாயில் ஒலித்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மலையும் சேர்ந்து வந்தது.

கோபிநாத ராவுக்கு முன்பே வேறொரு கூட்டம் இந்தப் பக்கத்து மலைகளில் ஏறி இறங்கியிருக்கிறது. கும்பினி ராணுவத்து லெப்டினன்டுகள் வார்டு, கானர் என்ற இருவர், 1816 முதல் 1820 வரை திருவாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். அளவைக்காரனுக்குப் பாறை உச்சி மிக வேண்டியவர் வீடு மாதிரி. அங்கே கருவியை வைத்தால்தான் நாலு பக்கமும் அடுத்த உச்சிகள் கண்ணில் படும். உழவனுக்கு எல்லைக் கல்லாக இருந்தது அளவைக்காரனுக்கு நடு மையமாயிற்று. ஆனால் அவர்கள் பாறையின் *மேல்* நின்று நாட்டைப் பார்த்தார்களே தவிர, நாட்டில் நின்று பாறையைப் பார்க்கவில்லை. அதற்குக் காமிரா வர வேண்டியிருந்தது.

அது 1858-ல் வந்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் காப்டனைச் சென்னை மாகாண சர்க்கார் போட்டோக்காரராக நியமித்திருந்தது. பெரிய பெட்டிக் காமிரா, மெழுகு தோய்த்த காகிதத்தில் நெகடிவ், ரசாயனப் புட்டிகள் எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரையில் கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்தவர், ஊருக்கு வெளியே போய் யானைமலையையும் எடுத்தார். படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்த ஒற்றைப் பாறை, ஜன நடமாட்டமில்லாத வெளியில், வெயிலில் கிடக்கிறது. கோபுரமும் இல்லை, ராஜாவும் இல்லை. வெறும் பாறையைப் பார்ப்பதற்காக ஒரு மனிதன் அவ்வளவு சுமையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறான்! பிறகு செலவு கட்டவில்லை என்று சர்க்கார் அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டது. சர்க்கார்கள் எக்காலத்திலும் சர்க்கார்கள்தாம்.

போட்டோவால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் அமெரிக்கா வரை வர வேண்டும். அங்கே மேற்குப் பகுதியில் கொலராடோ என்ற ஆறு பாலைநிலத்தை அறுத்துக்கொண்டே போய் ஒரு மைல் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறது. கிராண்ட் கான்யன் என்று பெயர். ஜான் வெஸ்லி பவல் என்பவர், யுத்தத்தில் வலக்கையை இழந்தவர், 1869 மே மாதம் பத்துப் பேராக நாலு படகுகளில் அந்த ஆற்றோடு இறங்கினார். மூன்று மாதம் கழித்து வெளியே வந்தபோது ஆறு பேர் மிஞ்சியிருந்தார்கள். இரண்டாம் முறை 1871-ல் போனபோது புத்திசாலித்தனமாகப் போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். அதே 1871-ல் வில்லியம் ஹென்றி ஜாக்ஸன் என்பவர் யெல்லோஸ்டோன் பகுதியில் எடுத்த படங்கள் சட்டசபைக்காரர்களின் கைக்குப் போயின. அடுத்த வருஷம் மார்ச் மாதம் அது தேசியப் பூங்காவாயிற்று. சட்டம் நிறைவேற்றியவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். படத்தைக் கண்டார்கள், போதுமானதாக இருந்தது.

ஆனால் எல்லாப் படமும் வேளைக்கு வந்து சேருவதில்லை. கிராண்ட் கான்யனுக்கு மேலே க்ளென் கான்யன் என்று இன்னொரு பிளவு இருந்தது. பவல் வைத்த பெயர்தான். செந்நிறப் பாறைச் சுவர்கள், ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் சந்துகள், உள்ளே எங்கிருந்தோ வந்து விழும் வெளிச்சம். ஆற்றில் படகு விட்டவர்களும் கால்நடையாகப் போன சிலருமே அதை அறிந்திருந்தார்கள். 1956-ல் அங்கே அணை கட்டச் சட்டமாயிற்று. 1963-ல் கதவை அடைத்தார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியது. அதே வருஷம் எலியட் போர்ட்டர் என்ற போட்டோக்காரரின் வண்ணப் படங்கள் புத்தகமாக வந்தன. புத்தகத்தின் பெயர் 'யாரும் அறியாத இடம்' என்று பொருள்படும். படங்களைப் பார்த்தவர்கள் போய்ப் பார்க்க ஆசைப்பட்டார்கள். இடம் தண்ணீருக்கடியில் போய்க்கொண்டிருந்தது. அந்த நீர்த்தேக்கத்துக்குப் பவலின் பெயரையே வைத்தார்கள் என்பது இந்தக் கதையின் உச்சக்கட்டம். எந்தக் கதாசிரியனும் இப்படி எழுதத் துணிய மாட்டான், மிகை என்பார்கள்.

அந்தப் பிரதேசத்தில் நடப்பவர்கள் மட்டும் இல்லை. 1950-களில் யுரேனியம் தேடி வந்தவர்கள் பாறைக்காட்டில் கண்டபடி பாதை வெட்டினார்கள். யுரேனிய மோகம் போயிற்று; பாதைகள் நின்றன. அவற்றில் ஜீப் ஓட்டுவது விளையாட்டாயிற்று. மோயாப் என்ற ஊரில் 1967 முதல் ஈஸ்டர் சமயத்தில் அதற்கென்றே திருவிழா நடக்கிறது. சந்தோஷமான விஷயந்தான். ஆனால் அந்தப் பாலை மண்ணின்மேல் கருநிறத்தில் ஒரு பொருக்கு உண்டு. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணைத் தைத்து வைத்திருக்கும் தையல் அது. ஒரு சக்கரம் ஏறினால் தையல் விட்டுப் போகிறது. மறுபடி கூடப் பல பத்து வருஷம் ஆகிறது. ஆகவே பாதையை விட்டு வண்டியை இறக்காதே என்பது அங்கே முதல் பாடம். பார்க்கப் போகிறவன் காவலனாகவும் இருக்கலாம், அவனே சத்துருவாகவும் இருக்கலாம். கால் வைக்கும் விதத்தில் இருக்கிறது.

நம் தேசத்துக்கு வருவோம். டிரைப் படம் எடுத்த யானைமலை வெறும் பாறை அன்று. அதில் பிராமி எழுத்தும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி 770-ல் குடைவித்த நரசிங்கப் பெருமாள் குடைவரையும் இருக்கிறது. டிரைப் போய் நூற்றைம்பது வருஷம் கழித்து, 2010-ல், யானைமலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. யானைக்கு அலங்காரம் செய்கிறேன் என்று அதன் தோலை உரிப்பதற்குச் சமானம். அடிவாரத்து ஜனங்கள் எதிர்த்தார்கள், யோசனை நின்றது. அதையொட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் 'பசுமை நடை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பிரமாதமான ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு ஒரு மலைக்கு நடந்து போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் கல்வெட்டைப் படித்துக் காட்டுவார். காமிரா வைத்திருப்பவர்கள் படம் எடுப்பார்கள். கட்டுச்சோற்றை உண்டுவிட்டுத் திரும்புவார்கள். இதனால் என்ன ஆகும் என்று அன்று கேட்டவர்கள் உண்டு.

மேலூர்ப் பக்கத்தில் அப்போது கிரானைட் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், சட்டத்துக்குப் புறம்பான வெட்டைப் பற்றி 2012-ல் அரசுக்கு அறிக்கை எழுதினார். 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொல்லிற்று. பாறை என்பது பத்திரத்தில் எல்லை காட்டும் வஸ்து என்ற காலம் மலையேறிவிட்டது என்பதை நாடு அப்போதுதான் உணர்ந்தது. மெருகேற்றிய கல்லுக்குக் கப்பல் ஏறும் விலை இருக்கிறது. பயனில்லாததால் பிழைத்திருந்த பாறைக்குப் பயன் வந்துவிட்டது, ஆபத்தும் வந்துவிட்டது.

அதே மேலூர்ப் பக்கத்தில் அரிட்டாபட்டி என்ற கிராமம். குடைவரைக் கோயிலும், சமணர் குகையும், பிராமிக் கல்வெட்டும் உள்ள மலைகள். பசுமை நடைக்காரர்கள் போய்ப் போய்ப் பார்த்த இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் பக்கத்து மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலத்தைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான கிராமத்தார் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கிக் கிளம்பினார்கள். மலையைப் பார்க்க நகரத்தார் நடந்தது போக, மலைக்காகக் கிராமத்தார் நகரத்துக்கு நடந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஜெயித்தது கிராமத்து ஜனங்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த மலைகளின் பெயரும், படமும், கல்வெட்டின் வயசும் அதற்குள் பத்திரிகை படிக்கிற வீடுகளுக்கெல்லாம் தெரிந்திருந்தன. க்ளென் கான்யனுக்குக் கிட்டாத பாக்கியம் அது.

நான் கல் உடைப்பதற்கே விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வீட்டு அஸ்திவாரமும் கருங்கல்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே, நூறு அடிக்குமேல் உயர்ந்த 28 தூண்களின்மேல் ஒரு கால்வாய் போகிறது. 1966-ல் கட்டி முடித்த மாத்தூர்த் தொட்டிப்பாலம். இந்த மலையின் தண்ணீரை அந்த மலைக்குக் கை நீட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். விடுமுறை நாளில் போனால் போட்டோ எடுக்க நிற்பவர்களை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் கல்லை யார் குறை சொல்வார்கள்? கேள்வி வேறு. எந்தக் கல்லை எடுப்பது, எந்தக் கல்லை விடுவது? அதைத் தீர்மானிப்பதற்கு முன் யாராவது போய்ப் பார்த்தார்களா?

இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல. என் சிறு பிராயத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பாறைக்குன்று இருந்தது. பெரிய குன்று அல்ல. பையன்கள் பத்து நிமிஷத்தில் ஏறிவிடுவோம். உச்சியில் குழி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நின்று, தவளை முட்டையிட்டு, கார்த்திகை வரைக்கும் எங்களுக்குப் பொழுதுபோக்கு. இன்று அந்த இடத்தில் ஐம்பது அடிப் பள்ளமும் பச்சைத் தண்ணீரும் இருக்கின்றன. குன்று சாலையாகவும் சுவராகவும் எங்கெங்கோ போய்விட்டது. அதற்கு ஒரு புகைப்படம் கிடையாது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் பிடித்த காலம் அது. பாறையை யார் பிடிப்பார்கள்? குழியில் கல்வெட்டு இருந்ததா, கோடு ஏதாவது கீறியிருந்ததா என்று படித்துச் சொல்ல ஒரு சாந்தலிங்கமும் வரவில்லை. என் வகுப்புத் தோழர்கள் நாலைந்து பேருடைய ஞாபகத்தில் அந்தக் குன்று நிற்கிறது. எங்களோடு அதுவும் போய்விடும்.

இதில் எனக்குத் தோன்றும் ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். விழிஞத்தில் இப்போது எழுந்திருக்கும் பெரிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குக் குமரி மாவட்டத்துக் கல்லும் லாரி லாரியாகப் போயிற்று. அந்த விழிஞம் ஆய் மன்னர்களுடைய துறைமுகம். குணந்தாங்கி குரத்தியாரின் கல்வெட்டுக்கு ஆண்டு கொடுத்த வரகுணன் அந்த வம்சத்தான். அவன் காலத்தில் மலைக்குப் பொன் வந்தது. நம் காலத்தில் மலையே கடலுக்குப் போகிறது. வியாபாரம் பெருகட்டும், கப்பல் வரட்டும். வேண்டாமென்று சொல்ல நான் யார்? போன கல்லின் மேல் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் முன்கூட்டியே யாராவது பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

சிதறாலைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதற்கு இப்போது பயமில்லை. ஆனால் பாதுகாப்புப் பலகை இல்லாத பாறைகள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் ஒன்றைத் தேடிப் போங்கள். வண்டியைப் பாதை முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். மீதி தூரத்துக்குக் கால் போதும். உங்கள் பெயரைக் கல்லில் கீற வேண்டாம். ஆயிரம் வருஷம் நிற்கத் தகுந்த பெயரை அங்கே வேறு யாராவது ஏற்கெனவே வெட்டியிருக்கக்கூடும். படம் எடுத்தால் உங்கள் முகத்தை மட்டும் எடுக்காமல் பாறையையும் எடுங்கள். தேதியையும், ஊரார் அந்தப் பாறைக்குச் சொல்லும் பெயரையும் குறித்து வையுங்கள். ஆடு மேய்க்கும் கிழவியைக் கேட்டால் பெயர் தெரியும். கதையும் சேர்ந்து வரும்.

ஒரு பொழுது சிதறாலுக்கும் வாருங்கள். பாறை நிழலில் நின்று குரத்தியாரின் பெயரைக் கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள். விருந்தாளிகள் இன்னும் வருகிறார்கள் என்று அந்தக் கல்லுக்கும் தெரியட்டும்.